மூன்றரை விரல்

மே மாதம், இரண்டாவது சனிக்கிழமை.
கடைவாசலில் பிக்கப் வண்டிகள்.
பனி போனதும் பிரின்ஸ் எட்வர்ட் தீவில்
எல்லாருக்கும் ஒரே நாளில்
தோட்டம் ஞாபகம் வருகிறது.
வாடகைக்கு என்னிடம் இருப்பதோ நான்கு டில்லர்.
அதில் ஒன்று இருமும்.

காசை வாங்குமுன் கேட்பேன்:
மண்ணைப் பிடித்துப் பார்த்தீர்களா?
ஒரு கை அள்ளி இறுக்குங்கள்.
பெருவிரலால் ஒரு தட்டு.
உதிர்ந்தால் வண்டியை ஏற்றிக்கொள்ளுங்கள்.
கொழுக்கட்டை போல உட்கார்ந்திருந்தால்
வீட்டுக்குப் போய் ஹாக்கி பாருங்கள்,
வியாழக்கிழமை வாருங்கள்.
ஈரத்தில் கிளறிய செம்மண்
ஜூலையில் செங்கல்.
அதில் கேரட் இறங்காது, திருகிக்கொண்டு
மன்னிப்புக் கேட்கிற மாதிரி வளரும்.

இந்தப் பிடியை விட்டால் கத்திகள் நிற்கும்.
அதைக் கயிற்றால் கட்டிவைக்கிற புத்திசாலி
ஆண்டுக்கு ஒருவர் வருகிறார்.
நீங்கள் அவர் இல்லையே?
பின்கியர் போடுமுன் திரும்பிப் பாருங்கள்,
வேலிக்கும் இதற்கும் நடுவில் நிற்காதீர்கள்.
கல்லில் ஏறித் துள்ளினால்
மல்லுக்கட்டாமல் பிடியை விடுங்கள்,
அதற்கு உங்களைவிட எடை அதிகம்.
கேபிள் எங்கே புதைந்திருக்கிறது என்று
கிளறுவதற்கு முன்பே விசாரியுங்கள்,
டெலிவிஷன் அணைந்த பிறகு வேண்டாம்.
ஆழ உழு என்பார்கள்,
இதனிடம் அது செல்லாது.
முதல் நடைக்கு மூன்று விரற்கடை,
குறுக்கே இரண்டாம் நடைக்கு ஆறு. போதும்.
மாவாக்காதீர்கள், ரொட்டி சுடப் போவதில்லை.

விரற்கடை என்கிற இடத்தில்தான்
எல்லாருடைய கண்ணும் கீழே இறங்கும்.

நான் அவசரப்பட மாட்டேன்.
கத்தியில் ஏதாவது சுற்றும் என்பேன்.
வைக்கோல் கயிறு, பறவை வலை,
கிறிஸ்துமஸ் விளக்கு வயர்,
ஒருமுறை பாதிரியாரின் காலுறை.
சுற்றினால், முதலில் இன்ஜின்.
அப்புறம் பிளக்கின் தொப்பி, கழற்றித் தள்ளி வையுங்கள்.
கடைசியில்தான் கை.
கை என்னும்போது
இடது கையைக் கவுண்டரில் வைப்பேன்,
பெருவிரலோடு சேர்த்து மூன்றரை.
யாரும் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.
இருபத்திரண்டு வசந்தம்.
இந்த ஊரில் ஒரு விரலும் போகவில்லை.

அர்மாந்தின் பெர்னார் போன சனிக்கிழமை எடுத்துப் போனாள்.
டிரெய்லர் வீட்டுக்குப் பின்னால்
புல்தரையைக் கீறி உருளைக்கிழங்கு போட.
என் பிரசங்கத்தை நின்று கேட்டாள்,
குறுக்கே பேசவில்லை,
கையை மட்டும் மற்றவர்களைவிடக்
கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

மாலையில் திருப்பினாள்.
கத்திகளைக் கழுவியிருந்தாள்.
தொப்பியைக் கழற்றித் தனியே விட்டிருந்தாள்.
சுற்றியிருந்த கயிற்றை வெட்டாமல் பிரித்து
பந்தாக்கிக் கொடுத்தாள்.
கையெழுத்துப் போடக் குனிந்தவள்
பேனாவிடம் சொல்வது போல:
"ஓடிலோனின் பாண்டியாக். வலது கதவு.
மாதாகோவில் நடனத்தன்று.
நான் பின்சீட்டில் இருந்தேன், காஸ்பார்.
நீ அழுததும் எனக்குத் தெரியும்."

எனக்கு அப்போது பத்தொன்பது,
வயிற்றில் ரம், வாயில் பாட்டு.
கதவை யார் சாத்தினார்கள் என்று
இதுவரை யாரும் சொல்லவில்லை.
நான் கேட்க வாயெடுத்தேன்.

அவளுக்குப் பின்னால் வரிசையில்
மெக்கெல்வியின் மகன் நின்றான்,
காலில் ரப்பர் செருப்பு,
காதில் பாட்டுக் குழாய்,
ஒன்பது மணியிலிருந்தே அவசரம்.
அர்மாந்தின் திரும்பி
அவன் காதிலிருந்து ஒரு குழாயைப் பிடுங்கினாள்.
"பூட்ஸ் போட்டுக்கொண்டு வா.
சிக்கினால் பிளக்கைக் கழற்று.
இவர் கையைப் பார்த்தாயா?
நன்றாகப் பார்."

பார்த்தான். வெளுத்துப்போனான்.
நான் கையை அங்கேயே வைத்திருந்தேன்,
இருபத்திரண்டு ஆண்டில் முதல்முறையாகக்
கொஞ்சம் கூச்சத்தோடு.

அவள் வண்டி கிளம்பிப் போயிற்று.
இருமுகிறதுதான் மிச்சம் இருக்கிறது, தம்பி,
என்றேன்.
முதலில் மண்ணைப் பிடித்துப் பார்த்தாயா?