உலோகம் இல்லாதது

ஒட்டுசுட்டானுக்கு அங்கால, வீரைமரங்கள் நெருங்கி நிற்கிற பக்கம்
ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் நிற்கிறேன்.
முன்னுக்குச் சிவப்புத் தடி, பின்னுக்கு வெள்ளைத் தடி.
கருவி கத்தினால் கை நிற்கும்.
ஆணி. தகரத்துண்டு. மீன்ரின் மூடி.
சிலவேளை, அதுவே.

புல்நுனியில் முன்கால் இரண்டையும் விரித்துக்கொண்டு
காத்திருக்கிறதுக்குக் கருவி கத்தாது.
அதில் உலோகம் இல்லை.
ஏறும்போது எள்ளளவு,
குடித்து முடித்தால் ஆமணக்கங்கொட்டை.

காலையில் களிசானைக் காலுறைக்குள் திணிக்கிறோம்.
புஸ்பகாந்தி அதுக்கு மேலால் ஒரு றபர் பட்டியும் போடுவாள்.
"அழகுக்கோ வந்தனாங்கள்?"
மாடு படுத்தெழும்பின இடத்தில் குந்தமாட்டோம்.
மான் போன தடத்தில் பற்றை உரச நடக்கமாட்டோம்.
சோற்றுப் பார்சல் பிரிப்பது வெட்டையில்,
வெயில் நேரே விழுகிற வெறுந்தரையில்.
நிழலுக்கு ஆசைப்பட்டால்
சருகுக்குள் இருக்கிறவையளோடு பங்கு போடவேண்டும்.

பின்னேரம் நாலரைக்கு மற்றத் தேடல்.
கூடாரத்துப் படங்கை இழுத்துவிட்டு ஆளையாள் பார்க்கிறோம்:
காதுக்குப் பின்னால், கொண்டைக்குக் கீழே, கமக்கட்டு,
முழங்கால் மடிப்பு, இடுப்புப்பட்டி இறுக்கின தடம்.
பகல் முழுக்க மண்ணைத் தொட்ட அதே விரல்கள்.
கண்டால்,
சாவணத்தின் நுனியால் தோலோடு ஒட்டிப் பிடித்து
நேரே மேலே, மெல்ல.
முறுக்கக்கூடாது. நெருப்புக்குச்சியால் சுடக்கூடாது.
மண்ணெண்ணெய் பூசுகிற வேலையும் வேண்டாம்.
அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்று
எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எழில்வதனி மட்டும் முதுகைக் காட்டமாட்டாள்.
காதைத் தருவாள், தலையைத் தருவாள்,
சட்டையைத் தூக்கு என்றால்
"நானே பாத்திட்டன்" என்பாள்.
தன்ரை முதுகைத் தானே பார்த்த மனிசி!
சிரித்தோம்.
சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

ஆடிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல்.
மூன்று நாள் பனடோலும் கொத்தமல்லித் தண்ணியும்.
நாலாம் நாள் தலை பிளக்குது என்றாள்,
உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் பொட்டுகள்.
ஆஸ்பத்திரியில் டெங்குவுக்கு இரத்தம் எடுத்தார்கள்.
இல்லை என்று வந்தது.
பிறகுதான் அந்த இளம் டொக்டர் கேட்டா:
"என்ன வேலை பாக்கிறியள்?"
சொன்னோம்.
அவ எழும்பித் திரைச்சேலையை இழுத்தா.
சட்டையைத் தூக்கினது நான்.

இடப்பக்க விலாவுக்குக் கீழே
இரண்டாயிரத்து ஒன்பதின் துண்டுகள்,
தோலுக்கடியில் ஊறவைத்த அரிசிபோல ஆறோ ஏழோ.
அவற்றுக்கு நடுவில்
சுருட்டு நெருப்புப் பட்ட மாதிரி ஒரு கறுத்தப் பொருக்கு.
உண்ணி எப்பவோ கழன்று போய்விட்டது.

கருவியை அவள் முதுகுக்கு நேரே பிடித்திருந்தால்
துண்டு ஒவ்வொன்றுக்கும் கத்தியிருக்கும்.
அந்தப் பொருக்குக்கு மட்டும்
ஊமையாய் இருந்திருக்கும்.

குளிசை தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.
"கடிச்சது தெரியாட்டிலும் பரவாயில்லை,
காட்டுக்கை நிண்டனான் எண்டு முதல் நாளே சொல்லோணும்."
டொக்டர் சொன்னது அவளுக்கு.
தலையை ஆட்டினது நாங்கள் எல்லாரும்.

ஆவணி நடுவில் வேலைக்குத் திரும்பினாள்.
நாலரைக்கு, ஒருவரும் கேட்காமலே,
எங்களுக்கு முதுகைத் திருப்பிச் சட்டையைத் தூக்கினாள்.
புஸ்பகாந்தி கழுத்தடியில் தொடங்கினாள்,
ஒரு விரலகலம், பிறகு அடுத்த விரலகலம்.

"இது?"
"அது பழசு."
"இது?"
"அதுவும் பழசுதான்."
"இது?"

பேச்சில்லை.
வெளியே தண்ணி பவுசர் வந்து நிற்கிற சத்தம்.

"சாவணத்தைத் தா."