ஓரளவு

கிளைபெதா துறைமுகம், பிப்ரவரி, இரவு ஒன்று நாற்பது.
கடல் உறைந்த சேதிகள் வந்துகொண்டே இருக்கின்றன.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கையொப்பம்,
ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு சாவி.

ஒரு வரி தட்டினேன். கருந்திரை கேட்டது:
இந்த ஆள் பிறருக்குச் சான்று சொன்னால்
எவ்வளவு தூரம் நம்புவாய்?
ஒன்று, சொல்லத் தெரியாது.
இரண்டு, நம்பமாட்டேன்.
மூன்று, ஓரளவு.
நான்கு, முழுக்க.
ஐந்து என்பது நானே.

ஆள் வித்தேனிஸ்.
எதிர் மேசை. ஒன்பது குளிர்காலம்.
என் கார் பனியில் புதைந்த அன்று
கேட்காமலே மண்வெட்டியோடு வந்தவன்.
அவன் சாவி அவனுடையதுதான், ஐயமில்லை,
நானே சரிபார்த்து நானே ஒப்பமிட்டது.

ஆனால் நேற்று மதியம்
வாய் நிறைய உருளைக்கிழங்கோடு சொன்னான்,
கதான்ஸ்க் மாலுமி ஒருவனின் சாவிக்கு
பாரில் வைத்தே சான்று போட்டானாம்.
பாஸ்போர்ட்டா? அது எதற்கு?
நல்ல மனுஷன், முகத்திலேயே தெரிகிறதே!

நல்லவனாக இருப்பது ஒரு வேலை.
நல்லவனைக் கண்டுபிடிப்பது வேறு வேலை.
இந்தக் கருவி இரண்டையும்
தனித்தனிப் பெட்டியில் வைக்கிறது.
எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நான்காக இருந்ததை மூன்றாக்கினேன்.
ஒரு விசை. அவ்வளவுதான் சத்தம்.

கருவி கணக்கைத் திரும்பப் போட்டது.
மூன்று ஓரளவுகள் சேர்ந்தால்தான் அதற்கு ஒரு முழுசு,
ஒற்றை ஓரளவு செல்லாக்காசு.
அவன் ஒருவன் வாக்கில் நின்ற பதினொரு பேர்
ஒரே நொடியில் யாரோ ஆனார்கள்.
அதில் ஒருவர் ஆல்வில்ஸ்,
லியபாயாவின் பனியுடைப்புக் கப்பல் தலைவர்.
அவர் அறிக்கைக்காக
மரம் ஏற்றிய கப்பலொன்று வெளியே நிற்கிறது.

போன் போட்டு எழுப்பினேன்.
எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ரஷ்ய மொழியில்
தன் சாவியின் கைரேகையை வாசித்தார்,
நான்கு நான்கு எழுத்தாக, பத்துக் கொத்து.
பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன்.
ஏழாவதில் இருமினார்.
திரும்பச் சொல்லுங்கள் என்றேன்.
அம்மா தாயே, நான் நான்தான் என்றார்.
தெரியும். ஏழாவதைச் சொல்லுங்கள்.

இரண்டு இருபதுக்குக் கப்பல் நகர்ந்தது.

சாவிகள் ஊரெல்லாம் சுற்றும்.
இந்த எண் மட்டும்
இந்தக் கணினியின் வாசலைத் தாண்டாது.
காலையில் வித்தேனிஸ் வருவான்,
பூட்ஸைத் தட்டிப் பனி உதிர்ப்பான்,
எனக்கும் சேர்த்துக் காபி ஊற்றுவான்.
குடிப்பேன்.
அவன் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில்
என்ன எண் இருக்கிறதோ.
கேட்டதில்லை.
சர்க்கரை இரண்டு என்பது
அவனுக்குத் தெரியும்.