கறுப்புப் பெயிண்ட்

சிலிம் ரிவர் சந்தைக்குப் பின்னால் ஒரு வளைவு.
மற்ற வண்டிகள் ஒற்றைக் கையில் திரும்பிவிடும்.
என் மோரிஸ் மைனருக்கு
இரண்டு கையும், ஒரு தோளும்,
சில நாள் ஒரு கெட்ட வார்த்தையும் வேண்டும்.
திரும்பிய பிறகும்
தானாக நேராகாது.
கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி
பிடித்து இழுத்து வர வேண்டும்.

நான் ஆலையில், எடைமேடையில் வேலை பார்க்கிறவள்.
செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரி
எத்தனை கிலோ பொய் சொல்கிறதென்று
பிரேக் போடும் ஓசையிலேயே தெரியும்.
இந்த வண்டிதான் பிடி கொடுக்கவில்லை.

மூன்று மாதம் ஆள் ஆளாகச் சந்தேகப்பட்டேன்.
முதலில் டயர்.
காற்றைக் கூட்டினேன்; குதித்தது, திரும்பவில்லை.
அப்புறம் விற்றவர்:
தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தம்பிநாதன்.
மாத்திரைக் கணக்கில் ஒன்று குறைக்காத மனிதர்
வண்டிக் கணக்கில் குறைத்திருப்பாரோ?
ஹொக் செங் பட்டறையில்
அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.
"ரேக் மாத்துக்கா, ஆயிரத்து இருநூறு வெள்ளி.
இல்லாட்டி மியூசியத்துக்குக் கொடுத்துடு லா."

கொடுக்கவில்லை.

தேசிய தின விடுமுறை. ஆலைப் புகையில்லாத வானம்.
அடுத்த ஷிப்டு பௌஸி வந்தான்,
டார்ச்சும் இரண்டு பொட்டலம் நாசி லெமாக்குமாக.
முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினோம்.
சக்கரங்கள் மண்ணை விட்டும்
அதே இறுக்கம். டயருக்கு விடுதலை.

டை ராடு முனைகளைக் கழற்றினேன்.
ஒன்று, சுத்தியலுக்கு மூன்று தரம் மறுத்து
நான்காம் தரம் டக்கென்று விட்டது.
இப்போது ஸ்டேரிங்கை ஒரு விரலால் சுற்றினால்
ஊறிய உளுந்துக்குள் கை விட்டது போல் போனது.
ஆயிரத்து இருநூறு வெள்ளி
என் பைக்குள்ளேயே புரண்டு படுத்தது.
வலது சக்கரம், தள்ளினால் வந்தது.
இடது,
தோள் கொடுத்தால்தான் முனகியது.

பௌஸி வெளிச்சம் பிடித்தான்.
கீழ்த் தாங்கியில்
மிளகளவு கிரீஸ் நிப்பிள்.
அதன் வாய்மேல் கறுப்புப் பெயிண்ட்,
மழமழவென்று, அக்கறையாக,
இரண்டு பூச்சு.

அந்தப் பிரஷ் என் கையில்தான் இருந்தது.
வாங்கிய வாரம், தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை,
பாட்டுப் போட்டுக்கொண்டு மல்லாக்கப் படுத்து
கண்ணில் பட்டதையெல்லாம் கறுப்பாக்கினேன்.
துரு தெரியக்கூடாதாம்.
யாருக்கு?
வண்டிக்கடியில் யார் படுக்கப் போகிறார்கள்?

"யார் பூசியது?" என்றான் மலாயில்.
"பழைய ஓனர்" என்றேன்.
சொல்லிவிட்டு நாசி லெமாக்கைப் பிரித்தேன்.
சம்பல் அன்று கூடுதலாகக் காரம்.

பெயிண்டைச் சுரண்டி, நிப்பிளைக் கழற்றி,
புதியதைத் திருகி, கிரீஸ் துப்பாக்கியை வைத்து
அழுத்தினேன். அழுத்தினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒட்டுப்பால் போல் இழுபட்டு
பழைய கிரீஸ் வெளியே வந்தது,
அதன் பின்னால் மஞ்சளாகப் புதியது.
சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஆட்ட ஆட்ட
முனகல் குறைந்து, குறைந்து,
பேச்சே இல்லை.

சந்தை வளைவில் கையை விட்டுப் பார்த்தேன்.
ஸ்டேரிங் தானாகச் சுழன்று
நேரானது. நான்
இன்னொரு தரம் சுற்றி வந்தேன்.
கோழிக்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று பார்த்தார்.

திங்கட்கிழமை, லோரிகள் வருமுன்
மோரிஸை எடைமேடையில் ஏற்றினேன்.
எண்ணூற்று நாற்பது கிலோ,
நான், டூல் பெட்டி,
'பழைய ஓனர்' எல்லாம் சேர்த்து.

ரசீதைக் கிழித்து நீட்டினான் பௌஸி.
பின்பக்கம் பேனாவில் எழுதியிருந்தது:
'உங்கள் ஷெட்டில்
கறுப்பு டின் பார்த்தேன், அக்கா.
பிரஷும்.'