நாலாம் நம்பர் பம்ப்

மூன்று நாளாக வடமேற்குக் காற்று.
நியூ பிரைட்டனில் குப்பைத் தொட்டிகளெல்லாம்
மூடியைக் கழற்றிவிட்டுத் தெருவில் இறங்கியிருந்தன.
அதிகாலை மூன்றே கால்.
நாலாம் நம்பர் பம்ப்புக்கு அடியில்
யாரோ தவறவிட்ட ஒற்றைக் கறுப்புக் கையுறை.
குனிந்து எடுத்தேன்.
கையுறை என் கட்டைவிரலில் எண்ணெய் கக்கியது.

டெரெக் ஹார்கிரீவ்ஸை எழுப்பினேன்.
டீசல் போட வரும்போதெல்லாம்
முன்சீட்டில் தொலைநோக்கிக்கு பெல்ட் மாட்டி வைத்திருப்பவர்.
சின்னப் பறவை, கரி நிறம், மூக்கின் மேல் குழாய் என்றேன்.
“பெட்ரல்” என்றார்.
ஆமாம், பெட்ரோல் பங்க்கிலிருந்துதான் பேசுகிறேன் என்றேன்.
கொஞ்ச நேரம் இருவரும்
காற்றை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஆரம்பித்தது விசாரணை,
தாலுகா ஆபீஸ் ஜன்னலில் போல.
இடுப்பில் வெள்ளையா? வெள்ளை.
முழுசாகவா, நடுவில் சாம்பல் கோடு ஓடுகிறதா?
கோடு மாதிரி. அழுக்கு மாதிரியும்.
விரலிடைச் சவ்வு மஞ்சளா? கறுப்பு.
அப்படியானால் வில்சன் இல்லை.
சிறகுக்கு அடியில் வெள்ளைப் பட்டை?
விரிக்க விடவில்லை, கெஞ்சி விரித்தேன். இல்லை.
அப்படியானால் சாதாரணப் புயல் பெட்ரலும் இல்லை.
வால்?

வால் நனைந்து ஒரே நுனியாய் ஒட்டியிருந்தது.
சூடான டீயை ஆற்றுவதுபோல்
மெதுவாக ஊதினேன்.
இறகுகள் ஒவ்வொன்றாய் யோசித்துப் பிரிந்து
கவை விழுந்தது.

“லீச்!”
மறுமுனையில் பேண்ட் மாட்டும் சத்தம்.

அவர் வரும்வரை
ரசீதின் முதுகில் எழுதிப் பார்த்தேன்:
பெட்ரல். பெட்ரோல்.
நடுவில் ஓர் இரட்டைக் கொம்பு, ஒரு கால்.
அவ்வளவுதான் வித்தியாசம்
டாங்கில் கிடப்பதற்கும் கடலில் கிடப்பதற்கும்.

பகலெல்லாம் சிப்ஸ் பெட்டிக்குள் இருட்டில் உட்கார்ந்திருந்தது.
மறு இரவு கடற்சுவரில் நின்று கையைத் திறந்தேன்.
கோடும் கவையும் சவ்வும்
நாலு சிறகடிப்பில்
ஏதோ ஒரு கறுப்பாகிப் போயின.
டெரெக் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்:
லீச் பெட்ரல், ஒன்று. நாலாம் நம்பர் பம்ப்.

நவம்பர் ஆயிற்று. இரண்டு முறை துவைத்தாயிற்று.
ஜாக்கெட்டின் வலது கையில்
அந்தப் பழைய எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை.
சில்லறை வாங்கிய பெண் மூக்கைச் சுளித்தாள்.
பெட்ரோலா?

இல்லை, தூரத்துச் சொந்தம் என்றேன்.