நூற்று எண்பது வோல்ட்

கண்டிக் கடையில் அந்தப் பெட்டிக்கு
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றார்கள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
விலைச்சீட்டின் சைபர்களை இன்னொரு முறை எண்ணிவிட்டு
அட்டன் பஸ் ஏறினேன்.

கிட்டார், சேர்ச் பாடகர் குழு கழித்தது.
நாலாம் தந்தியின் பிருடையைக்
குறட்டால்தான் திருக வேண்டும்.
வால்வு ரேடியோ, பழைய இரும்புக் கடையில் நிறுத்து வாங்கியது:
நாலரைக் கிலோ.
உள்ளே செத்துக் கிடந்த பல்லிக்கும் சேர்த்தே
காசு கொடுத்திருக்கிறேன்.
ஸ்பீக்கர் ஒரு வேன் கதவுடையது.

அந்த மனிதனின் சத்தத்தை எப்படிச் சொல்ல?
ஒரு தந்தியை அவன் இழுத்துப் பிடித்தால்
பெருமூச்சு ஒன்று தீப்பிடிக்கும்,
எரிந்துகொண்டே ஈரமாயும் இருக்கும்.
எங்கள் அடுப்படிப் பாஷையில்
பச்சை விறகு.

எனக்கு வந்ததோ தாச்சியில் கடுகு.
மூன்று மாதமாய்க் கடுகு.
ஸ்பீக்கர்க் காகிதத்தை பிளேடால் கீறிப் பார்த்தேன்,
கடுகோடு கறிவேப்பிலை.
பக்கத்துக் காம்பிராவில் செல்லமுத்துவின் மனைவி
அகப்பையால் சுவரைத் தட்டுவாள்.
அவள் மகன் மட்டும் வாசலில் வந்து நின்று,
"மாமா, ரேடியோவுக்கு வயித்துவலியா?"

மழை விட்ட ஒரு செவ்வாய்.
இரண்டு நாள் கொழுந்து ஒன்றாய்க் குவிந்து
ஸ்டோரில் நாலு ரோதையும் ஒரேயடியாய்ச் சுற்றிய இரவு.
காம்பிராவின் குண்டு பல்பு
சாயத்தண்ணி நிறத்துக்கு இறங்கியது.
மீட்டரைச் செருகினேன்: நூற்று எண்பது.
விரல் சும்மாதான் மூன்றாம் தந்தியில் கிடந்தது.
இழுத்தேன்.

பச்சை விறகு.

மேடைக்குப் பின்னால் கரண்டைக் குறைக்க
அவன் ஒரு கருவி வைத்திருந்தானாம்.
எனக்கு அந்த வேலையைச் செய்வது
நைட் ஷிப்ட் போன செல்லமுத்துவும்
கூட்டாளிகள் பதினோரு பேரும்.
அவர்களுக்குத் தெரியாது.
சுவர் ஒரே ஒரு முறை தட்டுப்பட்டது.
ஏச்சா தாளமா, கேட்கவில்லை நான்.

இப்போதெல்லாம் கொழுந்து நிறையைப் பார்த்துத்தான் பயிற்சி.
"இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டால்
கணக்கப்பிள்ளை என்னைச் சந்தேகமாய்ப் பார்க்கிறார்.
போயாவுக்கு ஸ்டோர் மூடும்.
வெளிச்சம் அன்றைக்கு முழுசாய், வெள்ளையாய் வரும்.
கடுகு வெடிக்கும்.

டிசம்பரில் கொட்டகலை மண்டபத்தில் முதல் நிகழ்ச்சி.
அல்போன்ஸ் அண்ணன் தோளில் தட்டிச் சொல்கிறார்:
"ஜெனரேட்டர் பேசியாச்சு தம்பி, பயப்படாத.
இருநூற்று முப்பது.
ஒரு புள்ளி குறையாது."