முழங்கை

என் வலது கை மோதிர விரல் நேராக நிமிராது.
ஷார்ஜா, தொழிற்பேட்டை பதின்மூன்று,
சிமெண்ட் பிட்ச்,
கிளிட்டஸ் மச்சாது வீசிய ஆறாவது பந்து.
ஆஸ்பத்திரிச் சீட்டில்
'வேலையிடத்துக் காயம்' என்று எழுதச் சொன்னான்.
பொய்யில்லை.
அவனுக்கு அதுதான் வேலை.

ஆனால் அவன் விசாவில்
பந்துவீச்சாளன் என்று எவரும் அடித்ததில்லை.
டைல்ஸ் கம்பெனிக்கு ஸ்டோர்கீப்பர்.
ஏசி கம்பெனிக்கு ஹெல்பர்.
அஜ்மானில் ஒரு பேக்கரி
இரண்டு சீசன் அவனை மாவு பிசைபவராக வைத்திருந்தது;
மாவைத் தொட்டதேயில்லை,
நாற்பத்தொரு விக்கெட்.
கோப்பை வாங்கிய வாரமே முதலாளி கடையை விற்றார்.
புது முதலாளிக்குக் கால்பந்து பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை காலை நாலரைக்கு
கேம்ப் வாசலில் கிட் பையோடு நிற்போம்,
வெயில் ஏறுமுன் இருபது ஓவர் முடியவேண்டும்.
ஆகஸ்டில் பந்து வியர்வையில் ஊறி
சோப்பு மாதிரி வழுக்கும்.
குனிந்து ஒரு பிடி மண் அள்ளித் துடைப்பான்.
மண்ணுக்கா பஞ்சம் இந்த ஊரில்.
ஐந்து விக்கெட் எடுத்தால் பிரியாணி.
ஒருமுறை ஒரு மிக்ஸி,
அது தூத்துக்குடியில் இன்னும் ஓடுகிறது என்றான்.

விடுமுறை ஞாயிறுக்கு நகர்ந்த வருடம்
ஸ்கொயர் லெக்கில் நின்ற அம்பயர்
ஒரே ஓவரில் மூன்று முறை கையை நீட்டினார்.
நோபால்.
வீசவில்லை, எறிகிறான்.
முப்பத்தேழு வயதில், எட்டு கம்பெனிக்குப் பிறகு,
எல்லாரும் அவன் முழங்கையைப் பார்த்தார்கள்.

பதினோரு வருடம் ஸ்டம்புக்குப் பின்னால் குத்தவைத்த எனக்குத் தெரியாதா?
தெரியும்.
தோள் போனபிறகு அந்த வேகத்தை
முழங்கைதான் கடன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.
நான் சொல்லவில்லை.
பந்து வந்தது, பிடித்தேன்.

அந்த மாதமே விசா ரத்து. முப்பது நாள் அவகாசம்.
மேல் கட்டிலில் படுத்தபடி
மனைவி மெர்சலினுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டான்:
சின்னக் காயம்தான்.

துபாயில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறம்
வலை கட்டப்போன எங்கள் பழைய டீப் மிட்விக்கெட்
தகவல் கொண்டுவந்தான்:
கொரியப் பிள்ளைகள், அமெரிக்கப் பிள்ளைகள்,
பேஸ்பால்.
பயிற்சிக்குப் பந்து போட ஆள் வேண்டுமாம்,
மணிக்கு அறுபது திர்ஹாம்.

கிளிட்டஸ் பழக்கதோஷத்தில் பதினெட்டு தப்படி ஓடிவந்து
கையை நேராகச் சுழற்றினான்.
பந்து தரையில் குத்தி எழும்பியது.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
கோச் எஃப்ராயின், வெனிசுவேலாக்காரர்,
தன் முழங்கையில் நீளமாகத் தையல் தழும்பு உள்ளவர்,
அருகில் வந்து அவன் கையைப் பிடித்து
மடக்கினார்.
இப்படி, என்றார். அப்புறம் எறி.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.
ஒளித்துக் கொண்டுவந்த பொருளை
கஸ்டம்ஸ்காரன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு
'போ' என்று சொன்னால்
ஒருவன் பார்ப்பானே, அப்படி.

எறிந்தான்.

எனக்கு இடது கைக்கு ஒரு தோலுறை கொடுத்திருந்தார்கள்,
பூரி மாதிரி உப்பலாக.
பந்து அதில் விழுந்த சத்தம்
எதிர்க் கட்டிடத்தில் மோதித் திரும்பியது.
வலிக்கவில்லை.
அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

பிறகு பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.
கோடையில் பிள்ளைகள் விமானம் ஏறிப்போனார்கள்,
இரண்டு மாதம் வருமானம் இல்லை,
செப்டம்பரில் பாதிப்பேர் திரும்பவில்லை.
பெரியவர்கள் ஆட்டம் ஒன்றில் ஆள் குறைய,
ஏழாவது இன்னிங்ஸில் அவனை இறக்கினார்கள்.
இரண்டு பேரை அனுப்பினான்,
மூன்றாமவன் அடித்த பந்து
கார் நிறுத்தத்தில் கிடைத்தது.

நேற்று புது விசா.
போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.
தொழில்: தோட்டப் பராமரிப்பாளர்.
நல்லதுதானே, என்றேன்,
அங்கே இருப்பது பிளாஸ்டிக் புல்,
தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அவன் சிரிக்கவில்லை.
மீன்கடையில் கேட்டு வாங்கிய ஐஸைத் துண்டில் சுற்றி
முழங்கையில் வைத்துக் கட்டச் சொன்னான்.
இந்த விரலோடு முடிச்சுப் போட
எனக்குக் கொஞ்சம் நேரமாகும்.