விடுப்புக் கடிதம்

கோத்தகிரியில் ஜூலை என்றால்
சாக்பீஸ்கூட நனைந்துதான் எழுதும்.
அனுப்புநர் என்று தொடங்கினேன்.
நாற்பத்தொரு தலைகள் குனிந்தன.
பெறுநர். பொருள். ஐயா.
அதன்பிறகு எல்லோருக்கும் ஒரே காய்ச்சல்.

நோட்ஸின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
யாரோ ஒரு மாணவனுக்கு
எந்த வருடமோ வந்த காய்ச்சல் அது.
இன்னும் இறங்கவில்லை.
திருத்துவதற்குச் சுகமான காய்ச்சல்.
குன்னூர் பஸ் கட்டபெட்டு தொடுவதற்குள்
ஒரு கட்டு நோட்டை முடித்துவிடுவேன்,
வளைவுகளில் மட்டும் பேனாவைத் தூக்கிக்கொண்டு.

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, பெ. யமுனா.
வீட்டில் படுகு, நோட்டில் தமிழ்.
பெரிய றகரம் வரவேண்டிய இடத்தில் எல்லாம்
சின்னதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவள்.
அவள் எழுதியிருந்தாள்:

*திங்கட்கிழமை நான் வரவில்லை ஐயா.
தேயிலைக்குள் போகிற வழியில் காட்டுமாடு நின்றது.
நானும் நின்றேன்.
அது என்னைப் பார்க்கவில்லை.
எனக்குப் பின்னால் எதையோ பார்த்தது.
திரும்பிப் பார்க்க பயம்.
இரண்டாவது பெல் அடித்தது. அதன் காது அசைந்தது.
வீட்டுக்குப் போய்விட்டேன்.*

ஐந்துக்கு இரண்டு.
'காரணத்தைச் சுருக்கமாக எழுதுக.'
காது அசைந்தது என்பதன் கீழே
சிவப்பில் ஓர் அலைக்கோடு.
அலைக்கோடு என்றால் தவறு.
என்ன தவறு என்று எழுதுவதற்குள்
கட்டபெட்டு வந்துவிட்டது.

ஆகஸ்டில் ஒருநாள்
குறுக்குப் பாதையில் போனேன்.
அருப்புக்கோட்டைக்காரன் நான்.
மாடு என்றால் கயிறும் மறுமுனையில் ஆளும்
இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன்.
இதற்குக் கயிறு இல்லை.
நான்கு கால்களிலும் முட்டிவரை
வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தது,
திங்கட்கிழமை பிரேயருக்கு வந்ததைப்போல.
நாற்பது நிமிடம்.
டிபன் டப்பாவில் ரசம் கசிந்து
பேண்ட் பையில் இறங்குவது தெரிந்தது.
தெரிந்து என்ன செய்ய?

தலைமையாசிரியை ஃப்ளோரா மேடம்
விளக்கம் கேட்டார், எழுத்தில்.
உட்கார்ந்தேன்.
'தவிர்க்க இயலாத காரணத்தால்'
என்று பேனா தானே ஓடியது.
இருபத்திரண்டு வருடப் பழக்கம்,
இறக்கத்தில் வண்டி நியூட்ரலில் போகிற மாதிரி.
அடித்தேன்.
'காட்டுமாடு நின்றது. நானும் நின்றேன்' என்று எழுதி
யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.
காப்பி அடித்த பையன்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.
அதையும் அடித்தேன்.
மூன்றாவது தாளில் சாக்ஸ் வந்தது,
ரசம் வந்தது,
அது என்னைத் தாண்டிப் பார்த்ததும் வந்தது.
அந்த வரி அவளுடையதா என்னுடையதா
என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
"சாக்ஸ் எல்லாம் எதுக்கு சார்?
ஆடிட்ல மாட்டும்.
தவிர்க்க முடியாத காரணம்னு போட்டுக் குடுங்க."
போட்டுக் கொடுத்தேன்.
வாசலுக்கு வந்தபின் கூப்பிட்டார்:
"சார், பின்னால என்னதான் இருந்துச்சு?"

அதை நான் யமுனாவிடம் கேட்கவே இல்லை.

மதியம் அவள் நோட்டை வாங்கினேன்.
அலைக்கோட்டை ரப்பரால் அழித்திருந்தாள்.
சிவப்பு மை போகாது,
தாள்தான் போகும்.
காது இருந்த இடத்தில் ஓட்டை.
ஓட்டை வழியே அடுத்த பக்கம் தெரிந்தது,
திருத்தி எழுதிய கடிதம்,
றகரம்கூடச் சரியாக:
*எனக்குக் கடுமையான காய்ச்சல் காரணமாக.*
பக்கத்தில் என் கையெழுத்து, ஐந்துக்கு நாலரை.
எந்த வளைவில் போட்டேனோ,
கோடு கொஞ்சம் இழுத்திருந்தது.

"சார், அரை மார்க் எதுக்குப் போச்சு?"
என்று கேட்டாள் யமுனா.